‘லவ்’ என்பதற்கு எதிரே

ஒலெஷ்னா,
6 பிப்ரவரி 2005

அடேய் கிழவா,

நீ அனுப்பிய உறை வந்தது. தடவிப் பார்த்ததும், போட்டோ ஏதோ அனுப்பியிருக்கிறாய் என்று சந்தோஷப்பட்டேன். பிரித்தால் பள்ளிக்கூடப் பாடம்! அங்கே இங்கிலாந்தில் வியாழக்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் உன் டீச்சர் கொடுத்த தாளாம். இடது பக்கம் பாசத்தைச் சொல்கிற இங்கிலீஷ் வார்த்தைகள் ஒன்பது, வலது பக்கம் அதற்குச் சரியான செக் வார்த்தைகளை எழுத வேண்டுமாம். “எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நீ நிரப்பி அனுப்பு” என்று ஒரே ஒரு வரி. இருபத்தாறு வருஷம் சர்க்கரை ஆலைக் கொதிகலனோடு குடித்தனம் நடத்தியவனுக்குத் தோன்றாதது, எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்தவளுக்குத் தோன்றுமா? ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே பென்சிலால் அர்த்தம் எழுதியிருந்தாயோ, பிழைத்தேன்.

தாளைப் பள்ளிக்கூடச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். நானும் லோய்ஸ்காவும் மதியச் சமையலுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே நிரப்பினோம்.

“அடியே, ‘ஹனி’ன்னா தேனாம்டீ. பொண்டாட்டியத் தேனுன்னு கூப்பிடுவானுங்களாம்.”

“தேனா? நம்மூர்ல அது இருமலுக்கு. பொண்டாட்டிய வண்டுன்னு எழுது.”

அப்படியே எழுதிவிட்டேன். ‘டார்லிங்’ என்றால் வண்டுக்குட்டி. ‘ஸ்வீட்ஹார்ட்’ என்றால் தங்கம். ‘டியர்’ என்றால் சின்னச் சூரியன். செக் நாட்டில் பெண்டாட்டிகளைப் பூச்சி என்று கொஞ்சுகிறார்கள் என்று உன் டீச்சர் திகைத்தால் திகைக்கட்டும். ‘ஹக்’ என்பதை லோய்ஸ்கா மாவுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் உள்ளே வந்து, “சாப்பாடு எப்ப ரெடியாகும்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். ‘வார்ம்’ என்பதற்கு, குளிருக்கு எரிக்கிற நம் வீட்டு ஓட்டு அடுப்பை எழுதினேன்.

“மனசுக்குள்ள இருக்கற கதகதப்பக் கேக்கறாங்கடீ” என்றாள் லோய்ஸ்கா.

“மனசுக்குள்ள எவ்வளவுன்னு எனக்கென்ன தெரியும்? வெளியில மைனஸ் பதினெட்டு.”

எட்டு நிரம்பிவிட்டன. முதல் வரியில் இருக்கிற ‘லவ்’ மட்டும் காலி. அதற்கு நம்மிடம் ஒரு வார்த்தை உண்டுதான், ஆனால் அது சினிமாவில் பேசுவதற்கும் கல்லறைக் கல்லில் வெட்டுவதற்கும்தான். உருளைக்கிழங்கு உரிக்கிற இடத்தில் வாயில் வரவில்லை. கேன்டீனில் தேநீர் ஊற்றுகிற டோரீன் உன்னைத் தினமும் ‘லவ்’ என்று கூப்பிடுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அவளையே கேட்டுக்கொள்.

வாத்துகள் நலம். குழாய் ஒரு தடவை உறைந்தது. வெந்நீர்த் துணி சுற்றிக் காப்பாற்றினேன். கட்டிலில் உன் பக்கத்தில் இப்போது இஸ்திரி போட்ட துணிகள் படுத்திருக்கின்றன. உன்னைவிட நல்ல பிள்ளைகள், குறட்டை விடுவதில்லை.

தொப்பி போட்டுக்கொள்.

ப்ளாஷெனா


ஸ்பால்டிங்,
20 பிப்ரவரி 2005

கிழவிக்கு,

தாள் கிடைத்தது. டீச்சர் வண்டைப் படித்துவிட்டு வகுப்பு முழுவதற்கும் சத்தமாகச் சொன்னாள். போலந்துக்காரர்கள் என்னை இப்போது வண்டு என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

டோரீன் விஷயத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் தினமும் “இந்தா, லவ்” என்று கோப்பையை நீட்டுவாள். ஒரு நாள் தோளிலும் தட்டினாள். நம் ஊரில் ஒரு பெண் அந்த வார்த்தையை ஓர் ஆணிடம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? மூன்று வாரம் எனக்கு முட்டைக்கோஸ் தரம்பிரிக்கிற மிஷினில் கவனமே இல்லை. பாவம், கணவனை இழந்தவள், என்னை நம்பி ஏமாறக் கூடாது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். மூன்று கார்னேஷன் பூ வாங்கினேன். இங்கே பூக்காரி பன்னிரண்டாகத்தான் கட்டி வைத்திருந்தாள். இரட்டைப்படை செத்தவர்களுக்கு என்று சொல்லிப் பிரித்து வாங்கினேன். சாப்பாட்டு வேளையில் போய், மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன்: “அம்மணி, நீங்கள் நல்லவர். எனக்கு மனைவி இருக்கிறாள்.”

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும். பஸ் டிரைவரும், ரொட்டிக் கடைக்காரியும், கதவு திறந்துவிடுகிறவனும் இங்கே எல்லாரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். அண்ணே, தம்பி என்கிற மாதிரி.

டோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பூவை வாங்கிக்கொண்டாள். “உன் மனைவி கொடுத்துவைத்தவள். அவளிடம் இந்த வார்த்தையைச் சொல்வாயா?” என்று கேட்டாள். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரிந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினேன்.

விலேம்


ஒலெஷ்னா,
5 மார்ச் 2005

அடேய் இங்கிலாந்து மாப்பிள்ளை,

உன் கடிதத்தைச் சமையலறையில் படித்தது என் தப்பு. சூப்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. நூற்றிருபது பிள்ளைகளும் தண்ணீர் தண்ணீர் என்று அலைந்தார்கள். ஊரெல்லாம் பரவிவிட்டது. கறிக்கடையில் பொட்டலத்தை நீட்டும்போதே, “இந்தாங்க, லவ்” என்கிறான் கடைக்காரன். லோய்ஸ்கா சொல்கிறாள்: “கோட்டுப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் போயி, எனக்குப் பொண்டாட்டி இருக்கான்னு சொல்லிட்டு வர்றான்னா, அவன நம்பி இன்னும் பத்து வருஷம் வெளியூர் அனுப்பலாம்டீ!”

பத்து வருஷம் வேண்டாம். ஜூனில் உன் ஒப்பந்தம் முடிகிறது, ஜூனில் வா. ஆலையை இடித்து இரும்பையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு ஆள் தேடுகிறார்கள். சின்னக் கொதிகலன், உன் பழைய ராட்சசனுக்குப் பேத்தி மாதிரி. தலைமையாசிரியரிடம் நான் அரைவாசி பேசிவிட்டேன். மீதி அரைவாசிக்கு நீ வந்து நின்றால் போதும்.

நீ மாதம் ஒரு தடவை போன் செய்வதை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். நான் பேசுகிறேன், நீ மூச்சு விடுகிறாய். மூச்சு விடுவதற்கா வெளிநாட்டு அழைப்பு? கடிதத்திலாவது ஏதோ நாலு வரி பேசுகிறாய்.

ப்ளாஷெனா


ஸ்பால்டிங்,
10 ஏப்ரல் 2005

என் அன்பே, என் தங்கமே,

நலமா? நான் நலம். இங்கே டாஃபடில் எல்லாம் பூத்து முடிந்துவிட்டன.

ஒரு செய்தி. மிஷின்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற நிரந்தர வேலை தருவதாகச் சொல்கிறார்கள். அறையில் நான்கு பேராக இருக்க வேண்டாம், தனி வீடும் உண்டு. முதலில் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து. ஜூன் பதினைந்துக்குள் போட வேண்டும். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன், என் சின்னச் சூரியனே.

உன் விலேம்


ஒலெஷ்னா,
3 மே 2005

விலேம்,

என்ன செய்தாய்? உண்மையைச் சொல்.

இரண்டு வாரம் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அன்பாம், தங்கமாம், சூரியனாம்! இருபத்திரண்டு வருஷம் என்னைக் ‘கிழவி’ என்று கூப்பிட்டாய். கல்யாணமான மறுநாள், எனக்கு இருபத்தாறு வயசு, அன்றைக்கே “கிழவி, என் சாக்ஸ் எங்கே?” என்று கேட்டவன் நீ. நம் ஊரில் புருஷன் பெண்டாட்டியைத் தங்கமே என்று கூப்பிட்டால் அவள் முதலில் அலமாரியைத் திறந்து என்ன காணோம் என்று பார்ப்பாள். தபால்காரன் அவன் மனைவியை ஒரே ஒரு தடவை அன்பே என்றான். கன்றுக்குட்டியை விற்றுக் குடித்திருந்தான். லோய்ஸ்காவின் தங்கை புருஷன் ஓஸ்ட்ராவா நகரத்திலிருந்து அன்பே, அன்பே என்று எழுதினான். அங்கே அவனுக்கு ஒருத்தி, ஒரு நாய், பால்கனி எல்லாம் இருந்தன.

நீ எதை விற்றாய்? பால்கனி இருக்கிறதா?

முந்தாநாள் மே ஒன்று. தேவாலயத்துப் பின்னால் செர்ரி வெள்ளையாகப் பூத்து நின்றது. வழக்கம்போல எல்லாப் பெண்களும் அங்கே முத்தம் வாங்கப் போனோம், வாங்காவிட்டால் வருஷம் முழுக்கக் காய்ந்துபோவோம் இல்லையா. எழுபது வயசுக்காரி எல்லாம் வரிசையில் நின்றாள். போன வருஷமும் எனக்கு இல்லை. லோய்ஸ்கா எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாள்:

“ஏய் ப்ளாஷெனா, ரெண்டு வருஷமாக் காஞ்சு கெடக்கறியே! எம் புருஷன அஞ்சு நிமிஷம் எடுத்துக்க. பத்திரமாத் திருப்பிக் குடுத்துரு.”

அவன் மீசையைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே கிளம்பிவிட்டான்! வெங்காய வாடை அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. “உன் புருஷன நீயே வச்சுக்க, எனக்கு வெங்காயம் ஒத்துக்காது” என்று ஓடினேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான்.

அவர்கள் பீர் குடிக்கப் போனதும் நான் மட்டும் திரும்பி வந்து அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். காற்று அடித்தது, தலையெல்லாம் பூ. எதற்கு நின்றாய் என்று கேட்காதே.

என்னைக் கிழவி என்று எழுது. அப்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.

ப்ளாஷெனா


ஸ்பால்டிங்,
14 மே 2005

கிழவி,

எதையும் விற்கவில்லை. ஒருத்தியும் இல்லை. பால்கனியும் இல்லை. என் கட்டிலுக்கு மேலே ஒரு லிதுவேனியன் படுத்திருக்கிறான், அவன் கால் தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொண்டு படி.

இங்கிலீஷ் காதில் ஏற ஆரம்பித்ததிலிருந்து கேட்கிறேன், முன்பின் தெரியாத ஜனங்கள் எனக்கு அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மழையில் நனைந்து பஸ் ஏறும்போது டிரைவர் ‘லவ்’ என்றால் உடம்புக்கு ஒரு மாதிரி இதமாக இருக்கிறது. அப்போது யோசித்தேன், இதை என் மனைவி எனக்குச் சொன்னதே இல்லை. ஒரு தடவைகூட.

நீ பதில் எழுதுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும், என்ன எழுதுவாய் என்று. சாக்ஸ் பின்னிக் கொடுத்தேன், க்னெட்லிக் மாவுருண்டை அவித்துப் போட்டேன், நிமோனியாவில் பதினோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதெல்லாம் என்னவாம் என்பாய். தெரியும் கிழவி. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அப்படியும் எனக்குக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஐம்பது வயசில் இப்படி ஓர் ஆசை.

போனில் சொல்லாதே. போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். எழுது. ஜூன் பதினைந்துக்குள் உன் கையெழுத்தில் அது வந்தால் நான் இங்கே கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வரவில்லை என்றால், உனக்கு அது இல்லை போல என்று நினைத்துக்கொள்வேன். கோபம் இல்லை.

விலேம்


ஒலெஷ்னா,
24 மே 2005

கிழவா,

இரண்டு ஜோடி சாக்ஸ் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். லோய்ஸ்காவின் பெரிய வாத்து தலைமையாசிரியரைத் துரத்திக் கொத்தியது. எங்கே என்று எழுத முடியாது. மனுஷன் இரண்டு நாளாக நின்றுகொண்டே சாப்பிடுகிறார். தோட்டத்தில் ஸ்ட்ராபெரி காய்த்திருக்கிறது. ஓட்டு அடுப்பைச் சுத்தம் செய்து மூடிவிட்டேன். மாவு விலை ஏறிவிட்டது, பால் அப்படியே இருக்கிறது.

நீ கேட்டிருந்தாயே, அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். இப்போது கைவேலை இருக்கிறது.

ப்ளாஷெனா


ஒலெஷ்னா,
1 ஜூன் 2005

விலேம்,

கைவேலை ஒன்றும் இல்லை. பொய் சொன்னேன். அன்றைக்கு நாலு தாள் எழுதிக் கிழித்துவிட்டுத்தான் வாத்துக் கதையை எழுதினேன்.

இன்றைக்குச் சிரிப்புக் காட்டாமல் எழுதிப் பார்க்கிறேன். எனக்கு அது கஷ்டம். எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள், நான் ஐந்தாவது. நாலு பேரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தால் யாரும் நம்மிடம், உனக்கு என்ன வேண்டும், என்ன குறை என்று கேட்க மாட்டார்கள். நாமும் சொல்ல வேண்டாம். சின்ன வயசிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். உன்னிடமும் அப்படியே இருந்துவிட்டேன். நீ பேசாத ஆள், நான் ஓயாமல் பேசுகிற ஆள். ஊரே நம்மைப் பார்த்து, அவளாவது மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுகிறாள் என்று நினைத்தது. நான் ஒன்றையும் கொட்டவில்லை விலேம். உன்னைவிட ஊமை நான்தான்.

கட்டிலில் உன் பக்கத்தில் துணி அடுக்கியிருக்கிறேன் என்று எழுதினேனே, அது துணி வைக்க வேறு இடம் இல்லாததால் அல்ல. காலியாக இருந்தால் கை அங்கே போகிறது.

சரி. எழுதிவிடுகிறேன்.

நான் உன்னைக் காதலிக்கிறேன்.

எழுதியாயிற்று. பார்க்க எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

இன்னொன்று. இதை உன்னை வரவழைப்பதற்காக எழுதவில்லை. வந்தால்தான் தருவேன் என்று வைத்துக்கொள்கிற சாமானா இது? நீ அங்கே கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இது இப்படியேதான் இருக்கும். போட வேண்டும் என்று தோன்றினால் போடு.

ப்ளாஷெனா

ஜூன் பத்து. இன்னும் தபாலில் போடவில்லை. ஒன்பது நாளாகக் கைப்பையில் கொண்டுபோகிறேன், கொண்டுவருகிறேன். தபால்பெட்டிக்கு முன்னால் வந்ததும் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இன்றைக்கு நாடா இல்லாத செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.


ஸ்பால்டிங்,
17 ஜூன் 2005

கிழவி,

புதன்கிழமை பதினைந்து. சாயங்காலம் ஐந்து மணி வரை பொறுத்தேன். மதியம் அறைக்குப் போய்த் தபாலும் பார்த்தேன். சாக்ஸ் வந்திருந்தது. ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை காலை வந்தது.

கேன்டீனில் நின்றபடியே படித்தேன். டோரீன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். பிறகு ஆபீசுக்கு ஓடினேன். தாளைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “நேற்றே அனுப்பிவிட்டோமே. ஸாரி, லவ்” என்றாள். அந்த வார்த்தையை ஒரே நாளில் எனக்கு இரண்டு பேர் சொன்னீர்கள்.

ஒரு வருஷம். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட்டதால், இந்த வேலையைக் கேட்டிருந்த இன்னொருவனை வேண்டாம் என்று சொல்லி ஊருக்கு அனுப்பியும்விட்டார்கள்.

வீட்டுச் சாவி கொடுத்தார்கள். இரண்டு அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் காலிஃபிளவர் வயல். அங்கே நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். உன்னை என்ன கேட்பது என்று தெரியவில்லை.

விலேம்


ஒலெஷ்னா,
23 ஜூன் 2005

விலேம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் ஒரு கரண்டியை எறிந்தேன். யார் மேலும் இல்லை, சுவர் மேல். “என்னடீ ஆச்சு?” என்றாள் லோய்ஸ்கா. “ஒரு நாள் லேட்டாயிருச்சு” என்றேன். அவள் என்னை உட்காரவைத்துவிட்டு மிச்சக் கிழங்கு முழுவதையும் தானே உரித்தாள். லோய்ஸ்கா பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்துவிட்டேன்.

ஒன்பது நாள் ஷூ நாடா கட்டியது நான்தான். உன் மேல் தப்பில்லை.

நீ என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்காதே, நானே சொல்கிறேன். முப்பதாம் தேதி பள்ளிக்கூடம் மூடுகிறது. அடுத்த நாள் பிர்னோவில் பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை மதியம் லண்டனில் விக்டோரியா என்கிற பஸ் நிலையத்தில் இறங்குவேனாம். ஹங்கேரியில் பாலட்டன் ஏரிக்கு அப்பால் நான் போனதில்லை, அதுவும் உன்னோடுதான். வந்து கூட்டிப்போ. வாத்துகளை லோய்ஸ்கா பார்த்துக்கொள்வாள். இரண்டு மாதம் இருப்பேன். செப்டம்பர் முதல் தேதி இங்கே நூற்றிருபது வாய் காத்திருக்கும், திரும்பியாக வேண்டும். அதற்குப் பிறகு வருகிற பத்து மாதத்தை எப்படிக் கழிப்பது என்று இப்போது யோசிக்கவில்லை.

நேற்று உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் படித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல். அன்பே என்று எழுதியிருக்கிறாய். தங்கமே என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அதைச் சொல் என்று கேட்டிருக்கிறாய், கெடு வைத்துக் கேட்டிருக்கிறாய். ஆனால் கெட்டிக்காரா, நீ சொல்லவே இல்லை. எங்கேயும் இல்லை. என்னை ஒன்பது நாள் தெருவில் குனியவைத்துவிட்டு நீ பாட்டுக்கு இருந்துவிட்டாய்.

எழுதாதே, இனி தபாலை நம்ப மாட்டேன். சனிக்கிழமை நான் பஸ் படியில் நிற்கும்போது சொல். செக் பாஷையில் சொல், சத்தமாகச் சொல். அங்கே அத்தனை ஜனத்தில் யாருக்கும் புரியாது. புரிய வேண்டியவள் இறங்கி வந்துகொண்டிருப்பாள்.

ப்ளாஷெனா